கம்யூனிட்டி காலேஜ் வழியாகக் கிரிமினல் ஜஸ்டிஸ்: முதலில் வேலை எது என்று சொல்லுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். கலிஃபோர்னியாவில், சன்னிவேல் பக்கம் இருக்கும் ஒரு அம்மா கேட்கிறார். மகள் இந்த வருடம் 12ஆம் வகுப்பு முடிக்கிறாள், ஜிபிஏ (மார்க் சராசரி) 2.9, கிரிமினல் ஜஸ்டிஸ், அதாவது குற்றவியல் நீதித் துறைதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு நாலு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது உண்மையிலேயே நடக்கிற காரியமா, இல்லை அங்கேயே மாட்டிக்கொள்வாளா? அப்பா எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார்கள். சொந்தக்காரர்கள் வேறு "போலீஸ் படிப்புக்கா அமெரிக்கா போனீங்க" என்கிறார்களாம்.

நடக்கிற காரியம்தான். நான் அப்படி வந்தவன். 18 வயதில் கிரீன் கார்டோடு இங்கே வந்து, கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து, கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி என்கிற அரசுப் பல்கலைக்கழக அமைப்பு) வளாகம் ஒன்றுக்கு மாறி, இப்போது ஒரு கவுண்டியில் புரொபேஷன் ஆபீசராக, அதாவது கோர்ட் சிறைக்கு அனுப்பாமல் வெளியே விட்டவர்களைக் கண்காணிப்பவனாக இருக்கிறேன். ஆனால் இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டியதை மூன்றரை வருடம் இழுத்தேன். 60 யூனிட் (பாடங்களுக்குத் தரும் கிரெடிட் கணக்கு) போதும் என்கிற இடத்தில் 83 யூனிட் வைத்திருந்தேன், அதில் நாலு பாடம் போன இடத்தில் எதற்கும் உதவவில்லை. யாரும் ஏமாற்றவில்லை, எந்த வகுப்பில் இடம் இருக்கிறதோ அதில் சேர்ந்துகொண்டே போனேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லப்போவதெல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: இந்தப் படிப்பைக் கடைசியிலிருந்து முன்னால் திட்டம் போட வேண்டும். என்ன வேலை, அதற்கு எந்தப் பல்கலைக்கழகம், அதற்கு எந்தப் பாடங்கள், இந்த வரிசையில். பெரும்பாலான பிள்ளைகள் தலைகீழாகப் போகிறார்கள்.

முதலில் ஜிபிஏ கவலையை விடுங்கள். கால் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 60 செமஸ்டர் யூனிட் முடித்து மூன்றாம் வருட மாணவியாக மாறும்போது ஹைஸ்கூல் மார்க்கை யாரும் பார்ப்பதில்லை. கம்யூனிட்டி காலேஜில் வாங்கும் கிரேடுதான் கணக்கு. 2.9 அன்றோடு முடிந்தது. இதையே திருப்பிப் படித்தால் எச்சரிக்கையும் ஆகும், முதல் செமஸ்டரில் அலட்சியமாக வாங்கும் ஒரு டி கிரேடு கடைசி வரை கூடவே வரும்.

அடுத்தது விசா. இதை யாரும் முதலில் பேச மாட்டார்கள், ஆனால் உங்கள் வீட்டில் இதுதான் முதல் கேள்வி. மகள் எச்-4ல், அதாவது எச்-1பிக்காரரின் குடும்பத்துக்குத் தரும் விசாவில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்கிறேன். எச்-4 பிள்ளைகள் கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களாகக் கணக்கில் வரலாம், அதனால் உள்ளூர்க் கட்டணமே கட்டலாம், அது நல்ல செய்தி. ஃபெடரல் உதவித்தொகை கிடைக்காது. 21 வயது ஆனதும் எச்-4 போய்விடும். 18ல் சேர்ந்தால் 20ல் பல்கலைக்கழகம் மாறுவாள், மூன்றாம் வருடத்தின் நடுவில் 21 வந்து நிற்கும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், அப்போது வெளியாள் கட்டணம், அது பல மடங்கு. குழந்தையின் வயதைச் சில சூழலில் உறையவைக்கும் ஒரு சட்டம் இருக்கிறது, அது உங்கள் தேதிகளுக்குப் பொருந்துமா என்பதைக் குடியேற்ற வக்கீலிடம் இந்த மாதமே கேளுங்கள், கல்லூரிக் கவுன்சலருக்கு அது தெரியாது.

வேலைக்கும் இதே கேள்விதான். எஃப்பிஐ மாதிரி ஃபெடரல் ஏஜென்ட் வேலைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், பேச்சே இல்லை. கலிஃபோர்னியாவின் போலீஸ், ஷெரிஃப், புரொபேஷன் வேலைகளுக்கு 2023 ஜனவரி 1 முதல் குடியுரிமை தேவையில்லை, சட்டப்படி வேலை செய்யும் அனுமதி இருந்தால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். என் காலத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பமாவது போட்டிருக்க வேண்டும். ஆனால் வெறும் எச்-4க்கு வேலை அனுமதியே கிடையாதே. ஆக, பட்டம் வாங்குவதில் தடையில்லை, வாங்கியதை வைத்து அன்றே வேலைக்குப் போக முடியுமா என்பது கிரீன் கார்டைப் பொறுத்தது. இதைத் தெரிந்துகொண்டு படிப்பது வேறு, நாலாவது வருடம் தெரிந்து உட்கார்ந்து அழுவது வேறு.

சரி, வேலைக்கு வருவோம். மகளை உட்கார வைத்து "கிரிமினல் ஜஸ்டிஸ் படித்து என்ன ஆகப்போகிறாய்" என்று கேளுங்கள், திட்டுகிற குரலில் இல்லாமல். பதில் பெரும்பாலும் நாலில் ஒன்றாக இருக்கும்.

கொலை நடந்த இடத்தில் கையுறை போட்டு மயிரிழையை எடுத்து லேபில் பார்க்கும் வேலை என்று சொன்னால், அவள் படிக்க வேண்டியது கிரிமினல் ஜஸ்டிஸ் கிடையாது, வேதியியல் அல்லது உயிரியல். இந்த ஒரு குழப்பத்தில் எத்தனை பிள்ளைகள் இரண்டு வருடத்தைத் தொலைக்கிறார்கள் என்று சொல்லி மாளாது. கிரைம் லேபில் வேலை செய்பவர்கள் விஞ்ஞானிகள். டிஎன்ஏ பிரிவு என்றால் உயிர்வேதியியல், மரபியல், மூலக்கூறு உயிரியல், புள்ளியியல் எல்லாம் படித்திருக்க வேண்டும். கால் ஸ்டேட் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்துக்குள்ளேயே லாஸ் ஏஞ்சலஸ் போலீசும் ஷெரிஃபும் பகிர்ந்துகொள்ளும் தடயவியல் ஆய்வகம் 2007லிருந்து இருக்கிறது. அந்த மாதிரி இடத்துக்கு ஆசைப்படுகிற பெண் கம்யூனிட்டி காலேஜில் முதல் செமஸ்டரே கெமிஸ்ட்ரி தொடங்க வேண்டும், ஏனென்றால் அது வரிசையாகப் போகிற பாடம், ஒன்று தவறினால் ஒரு வருடம் தள்ளும்.

வக்கீல் ஆக வேண்டும் என்றால் எந்தப் பட்டமானாலும் பரவாயில்லை, சட்டக் கல்லூரிகள் இன்ன மேஜர்தான் (முதன்மைப் பாடம்) என்று கேட்பதில்லை. நல்ல கிரேடு, நல்ல எழுத்து, எல்சாட் என்கிற நுழைவுத் தேர்வு மார்க். கிரிமினல் ஜஸ்டிஸ் படித்தும் போகலாம், ஆனால் நிறையக் கட்டுரை எழுதவைக்கிற துறையில் படித்தால் கை பழகும் என்பது என் அபிப்பிராயம்.

எஃப்பிஐ என்றால் குடியுரிமை, பட்டம், குறைந்தது 23 வயது, அதோடு முழுநேர வேலை அனுபவம். அங்கே கணக்கியல், கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கும் நல்ல கிராக்கி.

போலீஸ், புரொபேஷன், சிறை, சிறார் நீதி, பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் வேலை, கோர்ட் அலுவலகம், இதில் ஏதாவது என்றால், அப்போதுதான் கிரிமினல் ஜஸ்டிஸ் பொருத்தம். இனி சொல்வது இந்த ஆட்களுக்கு.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் இந்தத் துறைக்கு "அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ்" என்று பெயர், சுருக்கமாக ஏஜே. பல்கலைக்கழகத்துக்குப் போனால் சேக்ரமென்டோவில் கிரிமினல் ஜஸ்டிஸ், சான் ஹோசேயில் ஜஸ்டிஸ் ஸ்டடீஸ், ஃப்ரெஸ்னோவில் கிரிமினாலஜி. யூசி, அதாவது யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா என்கிற இன்னொரு அரசுப் பல்கலைக்கழக அமைப்பின் அர்வைன் வளாகத்தில் கிரிமினாலஜி, லா அண்ட் சொசைட்டி. எல்லாம் பக்கத்து வீடுகள்தான், வாசல்தான் வேறு வேறு.

இப்போது முக்கியமான இடம். ஏஜேயில் இரண்டு வருடப் பட்டம் பல கல்லூரிகளில் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று ஏஎஸ் (அசோசியேட் இன் சயின்ஸ்), இன்னொன்று ஏஎஸ்-டி. அந்தக் கடைசி "டி" டிரான்ஸ்ஃபரைக் குறிக்கிறது. 2010ல் கொண்டுவந்த சட்டத்தால் பிறந்தது அது. ஏஎஸ்-டி முடித்தால் கால் ஸ்டேட் அமைப்பில் எங்காவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி, அதோடு அதே வகைப் பட்டத்தில் சேர்ந்தால் மீதி 60 யூனிட்டுக்கு மேல் கேட்கக்கூடாது. வெறும் ஏஎஸ் வேலைக்கு நேராகப் போகிறவர்களுக்கானது, அதில் ரிப்போர்ட் எழுதுவது, ரோந்து நடைமுறை என்று நிறையப் பாடம் இருக்கும், சுவாரஸ்யமாகவும் இருக்கும், ஆனால் பல்கலைக்கழகத்தில் மேஜர் கணக்கில் சேராமல் போகலாம். என்னுடைய நாலு பாடம் போனது அந்த வழியில்தான், என் காலத்தில் "டி" என்பதே இல்லை. இன்னொன்று: "எங்காவது ஒரு வளாகத்தில்" என்பதை இரண்டு முறை படியுங்கள். சான் ஹோசேதான் வேண்டும் என்றால் உறுதி இல்லை, அங்கே போட்டி உண்டு, ஏஎஸ்-டி கொஞ்சம் முன்னுரிமை தரும், மீதியைக் கிரேடுதான் தர வேண்டும். யூசி பக்கம் இந்த உறுதி பொருந்தாது. அர்வைன் வேண்டுமென்றால் டேக் என்கிற தனி இட உறுதி ஒப்பந்தம் இருக்கிறது, அதைத் தரும் ஆறு யூசி வளாகங்களில் அர்வைனும் ஒன்று, அதற்கான விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஏஎஸ்-டியில் மேஜர் பாடம் என்னமோ குறைவுதான், 18 யூனிட் சுற்றி. கிரிமினல் ஜஸ்டிஸ் அறிமுகமும் குற்றவியல் சட்ட அறிமுகமும் கட்டாயம். பிறகு நீதிமன்ற நடைமுறை, சாட்சியச் சட்டம், புலனாய்வு, தடயவியல் அறிமுகம், சமூகமும் நீதி அமைப்பும், சிறைத்துறை, சிறார் நடைமுறை என்கிற பட்டியலிலிருந்து இரண்டு. இன்னும் இரண்டுக்கு அதே பட்டியலில் மிச்சம் இருப்பதையோ சமூகவியல், உளவியல், புள்ளியியல் அறிமுகத்தையோ எடுக்கலாம். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி இரண்டில் புள்ளியியலும் உளவியலும் எடுக்கச் சொல்வேன். பாதியில் மகள் மனம் மாறி வேறு மேஜர் போனாலும் அந்த இரண்டும் வீணாகாது. புள்ளியியல் பொதுப்பாடத்தின் கணக்குப் பகுதியையும் தீர்த்துவிடும், ஒரு கல்லில் இரண்டு மாங்காய். கால்குலஸ் இந்த மேஜருக்குத் தேவையில்லை, "கணக்குன்னா கால்குலஸ்தானே" என்று நம் வீடுகளில் தள்ளிவிடுவார்கள், வேண்டாம்.

மீதி பெரும்பகுதி பொதுப்பாடங்கள். 2025 இலையுதிர் செமஸ்டரிலிருந்து கால்-கெட்சி என்று ஒரே பட்டியல், 34 யூனிட், கால் ஸ்டேட்டுக்கும் யூசிக்கும் அதுவே. முன்பு இரண்டு பட்டியல் இருந்து பிள்ளைகள் திண்டாடினார்கள். இதில் ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது சி வாங்க வேண்டும். ஆங்கிலக் கட்டுரை, மேடைப்பேச்சு, விமர்சன சிந்தனை, கணக்கு, இந்த நாலும் முடிக்காமல் கால் ஸ்டேட் கதவு திறக்காது. மேடைப்பேச்சைத்தான் பிள்ளைகள் பயந்து கடைசிக்குத் தள்ளுவார்கள், கடைசி செமஸ்டரில் அது நிரம்பிப் போயிருக்கும். முதல் வருடமே எடுத்துவிடட்டும். நாளைக்குக் கோர்ட்டில் நீதிபதி முன்னால் எழுந்து நின்று பேசுகிற வேலை இது.

எப்படித் தேடுவது என்று ஒரு முறை கையைப் பிடித்துக் காட்டுகிறேன். அசிஸ்ட் என்று மாநிலம் நடத்தும் ஒரு இணையதளம் இருக்கிறது, அசிஸ்ட் டாட் ஆர்க். அதில் கல்லூரி, பல்கலைக்கழகம், மேஜர் மூன்றையும் கொடுக்க வேண்டும். உதாரணமாக எவர்கிரீன் வேலி காலேஜ், சான் ஹோசே ஸ்டேட், ஜஸ்டிஸ் ஸ்டடீஸ் என்று கொடுத்தால், இந்தக் கல்லூரியின் இந்தப் பாடம் அங்கே இந்தப் பாடத்துக்குச் சமம் என்று வரிசையாக வரும். சில இடத்தில் "சமமான பாடம் இல்லை" என்று எழுதியிருக்கும், கண் முதலில் அங்கேதான் போக வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தை மட்டும் பார்க்காமல் மூன்றைப் பார்த்து, மூன்றுக்கும் பொதுவாக வரும் பாடங்களை மஞ்சள் பேனாவால் கோடு போடுங்கள். முதல் வருடம் மஞ்சள் மட்டும். எந்த வளாகம் என்று முடிவாகாமலே ஒரு வருடம் பத்திரமாக ஓட்டிவிடலாம்.

உங்கள் பக்கத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டி ஆன்சா காலேஜ் உங்களுக்குக் கிட்டம், நல்ல கல்லூரி, ஆனால் அது குவார்ட்டர் முறை. அங்கே 90 குவார்ட்டர் யூனிட் என்பது மற்ற இடத்தில் 60 செமஸ்டர் யூனிட். ஒரு பாடம் டி ஆன்சாவில், இன்னொன்று வெஸ்ட் வேலியில் என்று கலந்து எடுத்தால் யூனிட் மாற்றும்போது அரைகுறையாக நிற்கும், சில தொடர் பாடங்கள் பாதியில் தொங்கும். ஒரே கல்லூரியில் இருப்பது நிம்மதி.

செலவு: கம்யூனிட்டி காலேஜில் செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர், 2012லிருந்து அப்படியே நிற்கிறது. 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். குவார்ட்டர் யூனிட்டுக்கு 31. புத்தகம், பார்க்கிங், சின்னச் சின்னக் கட்டணம் தனி. கால் ஸ்டேட்டில் 2025-26ல் வருடத்துக்கு 6,450 டாலர், வளாகக் கட்டணம் அதற்கு மேல், வருடா வருடம் 6 சதவீதம் ஏற்றிக்கொண்டும் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே போய்வந்தால் நாலு வருடப் பட்டமே ஒரு கார் விலைக்குள் அடங்கும், அதுவும் சுமாரான கார். முதல் முறை முழுநேரமாகச் சேருபவர்களுக்கு இரண்டு வருடக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் கல்லூரிகளும் உண்டு, எச்-4க்கு அது பொருந்துமா என்று சேரும்போதே கேளுங்கள்.

மகள் இன்னும் ஹைஸ்கூலில்தானே இருக்கிறாள்? அப்படியானால் இந்த வசந்தத்திலேயே, அல்லது கோடையில், கம்யூனிட்டி காலேஜில் ஒரு பாடம் எடுக்க முடியுமா என்று பாருங்கள். ஹைஸ்கூல் மாணவர்களுக்குப் பெரும்பாலும் யூனிட் கட்டணம் வாங்குவதில்லை. 21 வயதுக் கணக்கு உங்களுக்கு இருக்கிறதே, ஒவ்வொரு மூன்று யூனிட்டும் உங்களுக்கு நேரம்.

தேதிகளில் ஒன்றே ஒன்றை மனதில் வையுங்கள். கால் ஸ்டேட், யூசி இரண்டுக்கும் விண்ணப்பம் அக்டோபர் 1 திறந்து டிசம்பர் தொடக்கத்தோடு மூடும், அதுவும் போகப்போகும் செமஸ்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்னால். அதாவது இரண்டாம் வருடம் தொடங்கின இரண்டாவது மாதமே விண்ணப்பம். "இரண்டு வருஷம் இருக்கே" என்று நினைப்பவர்களுக்கு உண்மையில் ஒரு வருடமும் சொச்சமும்தான். அப்புறம், பல கல்லூரிகளில் பட்டம் தானாக வராது, பட்டம் வேண்டும் என்று தனியாக ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். எல்லாப் பாடமும் முடித்துவிட்டு அந்த ஒற்றைத் தாளைக் கொடுக்காததால் ஏஎஸ்-டி முன்னுரிமையை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

போலீஸ்தான் வேலை என்றால் கூடுதலாக இரண்டு விஷயம். கலிஃபோர்னியாவில் 2022லிருந்து போலீஸ் அதிகாரிக்குக் குறைந்த வயது 21. அதனால் 19 வயதில் அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை, படிப்பை முடிக்கலாம். போலீஸ் அகாடமி குறைந்தது 664 மணி நேரப் பயிற்சி. கோல்டன் வெஸ்ட், ரியோ ஹோண்டோ மாதிரிச் சில கம்யூனிட்டி காலேஜ்களே அதை நடத்துகின்றன. சொந்தக் காசில் அகாடமி போவதைவிட, ஒரு துறை வேலைக்கு எடுத்து சம்பளத்தோடு அனுப்பினால் போவதுதான் புத்திசாலித்தனம். பட்டம் இல்லாமலும் பல துறைகள் எடுக்கும், அது உண்மை. பதவி உயர்வு வரும்போதும், போலீஸ் பிடிக்காமல் வேறு பக்கம் போக நினைக்கும்போதும்தான் பட்டத்தின் அருமை தெரியும்.

இன்னொன்று பின்னணி விசாரணை. வேலைக்கு எடுக்கும் முன் ஒரு தடித்த படிவம் தருவார்கள். பத்து வருட முகவரிகள், கூடக் குடியிருந்தவர்கள், பார்த்த வேலைகள், வாங்கின டிராஃபிக் டிக்கெட், கடன், போதைப்பொருள், எல்லாம். நான் நிரப்பும்போது 19 வயதில் மூன்று மாதம் தங்கின ஒரு அறையின் கதவு எண் மறந்து, அந்தத் தெருவுக்கே போய்ப் பார்த்து எழுதிவந்தேன். ஒரு பழைய தப்பு இருந்தால் அதை எழுதினவன் பிழைத்தான், மறைத்தவன் வெளியே போனான், நான் பார்த்த வரை அப்படித்தான். ஃபெலனி (பெரிய குற்றம்) தண்டனை இருந்தால் சட்டப்படியே கதவு மூடும். உங்கள் மகளுக்கு 18 வயது, அதனால் இன்றே ஒரு நோட்டில் முகவரி, வேலை, மேலாளர் பெயர் என்று எழுதிவைக்கத் தொடங்கட்டும். சமூக வலைதளத்தில் போடுவதையும் ஒருநாள் யாரோ உட்கார்ந்து படிக்கக்கூடும்.

சொந்தக்காரர்களுக்குப் பதில் வேண்டுமென்றால், இது நேற்று முளைத்த படிப்பு இல்லை என்று சொல்லுங்கள். பெர்க்லியின் போலீஸ் தலைவர் ஆகஸ்ட் வோல்மர் 1908லேயே தன் ஆட்களுக்குப் பள்ளி வைத்தார். சான் ஹோசே ஸ்டேட்டில் 1930லிருந்து போலீஸ் படிப்பு. 1967ல் ஜனாதிபதி ஜான்சன் அமைத்த ஆணையம் போலீஸ்காரர்கள் எல்லோருக்கும் கடைசியில் பட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது, அடுத்த வருடமே போலீஸ்காரர்கள் கல்லூரி போக மத்திய அரசு பணம் கொடுக்க வழிசெய்யும் சட்டம் வந்தது, நாடெங்கும் கம்யூனிட்டி காலேஜ்களில் இந்தத் துறை மளமளவென்று பெருகியது அப்போதுதான். இதையெல்லாம் சொன்னாலும் அவர்கள் அடுத்து "கம்ப்யூட்டர் எடுத்திருக்கலாமே" என்றுதான் கேட்பார்கள், அது வேறு விஷயம்.

கவுன்சலரைப் பார்க்கப் போகும்போது அசிஸ்ட் பக்கத்தை அச்செடுத்து, மஞ்சள் கோட்டோடு கொண்டுபோகட்டும். செமஸ்டர் வாரியாகக் கடைசி வரை எழுதின முழுத் திட்டம் வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த செமஸ்டருக்கு மட்டும் நாலு பாடம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஓரியன்டேஷனும் இந்தத் திட்டமும் முடித்தவர்களுக்கு வகுப்பு பதிவில் முன் தேதி கிடைக்கும், குற்றவியல் சட்டம் மாதிரிப் பாடங்கள் சின்னக் கல்லூரிகளில் வருடத்துக்கு ஒரு முறைதான் வரும் என்பதால் அந்த முன் தேதி தங்கம். நீங்களும் கூடப் போகலாம், ஆனால் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவளுடைய பதிவுகள் அவளுக்குச் சொந்தம், அவள் கையெழுத்துப் போட்டு அனுமதிக்காமல் உங்களிடம் கிரேடைக்கூடச் சொல்ல மாட்டார்கள். அதனால் பேச்சை அவளே தொடங்கட்டும், நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுங்கள்.